நகையா, சம்பளச் சீட்டா, வைப்புச் சீட்டா, வீட்டுப் பத்திரமா: நான்கு லட்சத்துக்கு நான்கு வழிகள்

அவசரமாக நான்கு லட்சம் ரூபாய் தேவைப்படும் ஒருவர் இன்று வங்கிக் கிளைக்குள் நுழைந்தால் இரண்டு விதமான வரவேற்பைக் காண்பார். சம்பளச் சீட்டை நீட்டினால் கேள்விகள் நீளும். நகைப் பையை எடுத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் பணம் கணக்கில் ஏறிவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு அலைபேசியை நாலு முறை தட்டினாலே தனிநபர் கடன் வந்து விழுந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் குழப்பத்தைத் தருகிறது. நகையை வைப்பதா, சம்பளத்தைக் காட்டி வாங்குவதா, வங்கியில் கிடக்கும் நிரந்தர வைப்பின் மீது வாங்குவதா, ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கடனோடு டாப்-அப் எனப்படும் கூடுதல் கடனைச் சேர்ப்பதா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் வட்டி விகிதத்தை மட்டுமே ஒப்பிடுகிறார்கள்.

வட்டி முக்கியம்தான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பணம் திரும்பாமல் போகும் அபாயத்தை இந்தக் கடனில் யார் சுமக்கிறார்கள்? ஈட்டை இறுக்கிக் கேட்டு வங்கி தன் அபாயத்தைக் குறைத்துக்கொள்ளும்போது அது காற்றில் கரைந்துவிடுவதில்லை, கடன் வாங்குபவரின் பீரோவுக்குள் குடியேறுகிறது. வங்கிக்குப் பாதுகாப்பான கடன் வாங்குபவருக்கும் பாதுகாப்பானதாகவே இருக்கும் என்று எண்ணுவதுதான் இந்த விஷயத்தில் நான் அடிக்கடி காணும் பிழை.

வங்கிகள் ஏன் முகம் மாறின

2018 மார்ச்சில் இந்திய வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மின்சாரம், எஃகு, சாலை என்று பெருநிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுத்த கடன்கள், 2015இல் ரிசர்வ் வங்கி நடத்திய சொத்துத் தர ஆய்வில் வெளிச்சத்துக்கு வந்ததன் விளைவு அது. சூடுபட்ட வங்கிகள் அதன்பின் தனிநபர்களுக்குத் தரும் சில்லறைக் கடன் பக்கம் திரும்பின. ஒருவர் தவறினாலும் இழப்பு சிறியது, வட்டியும் கூடுதல் என்பது கணக்கு. வாராக்கடன் விகிதம் படிப்படியாக இறங்கி 2025 மார்ச்சில் 2.3 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில், ஈடு எதுவும் இல்லாத தனிநபர் கடனும் கடன் அட்டை நிலுவையும் மற்றக் கடன்களைவிட மிக வேகமாகப் பெருகின.

2023 அக்டோபர் நிதிக்கொள்கை அறிக்கையில் ரிசர்வ் வங்கியின் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தார். அடுத்த மாதம் 16ஆம் தேதி உத்தரவே வந்துவிட்டது: நுகர்வோர் கடனுக்கான இடர் எடை 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாகவும், வங்கிகளின் கடன் அட்டை நிலுவைக்கான எடை 125இலிருந்து 150 ஆகவும் உயர்த்தப்பட்டன. வீட்டுக்கடன், கல்விக்கடன், வாகனக்கடன், நகைக்கடன் ஆகியவற்றுக்கு விலக்கு கிடைத்தது.

இடர் எடை என்பது, கொடுத்த கடனுக்கு ஈடாக வங்கி தன் சொந்த மூலதனத்தில் எவ்வளவை ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்பதற்கான அளவு. குறைந்தபட்ச மூலதன விகிதமான 9 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு லட்ச ரூபாய்த் தனிநபர் கடனுக்கு முன்பு 9,000 ரூபாய் போதுமானதாக இருந்தது. இப்போது 11,250 ரூபாய் வேண்டும். இடர் எடை 35 சதவீதமாக உள்ள ஒரு வீட்டுக்கடனில் அதே ஒரு லட்சத்துக்கு 3,150 ரூபாய் போதும். மூலதனம் விலையுயர்ந்த பொருள். ஆகவே கிளை மேலாளர் உங்களைச் சிரித்து வரவேற்பதும் மேலும் மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பதும் அவருடைய மனநிலையைப் பொறுத்தவை அல்ல. 2025 பிப்ரவரியில், வங்கிகள் வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடனுக்கான கூடுதல் எடை விலக்கிக்கொள்ளப்பட்டது, மைக்ரோ ஃபைனான்ஸ் எனப்படும் குறுங்கடன்களுக்கும் தளர்வு கிடைத்தது. சாதாரணத் தனிநபர் கடனுக்கான 125 சதவீதம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

ஒரு வாசல் குறுகினால் கூட்டம் அடுத்த வாசலுக்குப் போகும். தங்கத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனதால் 2024-25இல் வங்கிகளின் நகைக்கடன் நிலுவை ஏறத்தாழ இரு மடங்கானது. வேளாண் கணக்கில் இருந்த சில நகைக்கடன்கள் சில்லறைக் கணக்குக்கு மாற்றப்பட்டதும் அந்த உயர்வில் ஒரு பங்கு. ரிசர்வ் வங்கியின் பார்வை அங்கும் திரும்பியது. 2024 செப்டம்பர் 30 அன்று வெளியான சுற்றறிக்கை, வாடிக்கையாளர் இல்லாமலே மதிப்பீடு செய்வது, பழைய கடனைப் புதிய கடனால் அடைத்துக் கணக்கை அழகாகக் காட்டுவது, ஏலத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாதது ஆகிய குறைகளைப் பட்டியலிட்டது. 2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகளுக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார், சிறு கடனாளிகளுக்கு விலக்கு வேண்டும் என்று நிதியமைச்சகமும் பரிந்துரைத்தது. அதன்பின் ஜூன் 6ஆம் தேதி வந்த இறுதி விதிகள் வரைவைவிட மென்மையானவை. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லா நிறுவனங்களும் அவற்றுக்கு மாறிவிட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது.

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், திருப்பிக் கட்டும் பணம் எந்த வடிவில் வரும் என்பது. மாதாமாதம் சம்பளமாக வருவதும், அறுவடைக்குப் பின்னோ சீட்டு விழுந்த பின்னோ மொத்தமாக வருவதும், "எப்படியாவது வந்துவிடும்" என்று நம்புவதும் ஒன்றல்ல. இரண்டாவது, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த மொத்தச் செலவு, அதுவும் கடன் உண்மையில் எத்தனை மாதம் ஓடுமோ அத்தனை மாதத்துக்கு. மூன்றாவது, ஏழாவது மாதத்தில் வேலை போனாலோ நோய் வந்தாலோ எதை இழக்க நேரிடும் என்பது. நான்காவது, இந்தக் கடன் அடுத்த கடனுக்கான வழியை எவ்வளவு அடைக்கும் என்பது. பணம் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும் என்பதையும் பலர் ஓர் அளவுகோலாக வைக்கிறார்கள். மருத்துவமனை வாசலில் நிற்பவரைத் தவிர மற்றவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

தேவை கல்விக் கட்டணம் என்றால் முதலில் கல்விக்கடனையும், சிறுதொழில் முதலீடு என்றால் முத்ரா கடனையும் விசாரித்துவிட்டு இந்த நான்குக்கும் வரலாம். கீழே உள்ள வட்டி விகிதங்கள் ஒப்பீட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வங்கியின் விகிதத்தைப் போட்டால் தொகைகள் மாறும், ஆனால் வரிசை பெரிதாக மாறாது.

| 4 லட்சம் ரூபாய்க்கு | தனிநபர் கடன் | நகைக்கடன் | வைப்பின் மீதான கடன் | வீட்டுக்கடன் டாப்-அப் |
|---|---|---|---|---|
| கணக்குக்கான வட்டி | 12% | 9% | 8% (வைப்பு வட்டி 7%) | 8.5% |
| காலம் | 3 ஆண்டு | 1 ஆண்டு | வைப்பு முதிரும் வரை | 15 ஆண்டு |
| மாதத் தவணை | ரூ.13,286 | இல்லை, முடிவில் ரூ.4,36,000 | முடிந்தபோது கட்டலாம் | ரூ.3,939 |
| மொத்த வட்டி | ஏறத்தாழ ரூ.78,300 | ஓராண்டுக்கு ரூ.36,000 | ஆண்டுக்கு ரூ.32,000, வைப்பு வட்டி போக ரூ.4,000 | ஏறத்தாழ ரூ.3,09,000 |
| வங்கி பார்ப்பது | சம்பளம், சிபில் மதிப்பெண் | தங்கத்தின் எடை, தரம் | வைப்புத் தொகை | வீட்டின் மதிப்பு, பழைய தவணை ஒழுங்கு |
| தவறினால் போவது | மதிப்பெண், நிம்மதி | நகை | வைப்பு | வீடு வரை |

தனிநபர் கடன்

இதில் வங்கியின் கையில் ஈடு எதுவும் இல்லை. உங்கள் வேலையும் கடந்தகால நடத்தையும்தான் ஈடு. அதனால் நுழைவாயிலிலேயே சலித்தெடுக்கிறார்கள். ஏற்கெனவே ஓடும் தவணைகளும் புதிய தவணையும் சேர்ந்து கையில் வரும் சம்பளத்தில் ஏறத்தாழ பாதியைத் தாண்டினால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். கடந்தகாலக் கடன் ஒழுங்கைக் காட்டும், 300இலிருந்து 900 வரையுள்ள சிபில் மதிப்பெண்ணில் எங்கே இருக்கிறீர்கள் என்பது வட்டியை நிர்ணயிக்கும். ஒரே வாரத்தில் ஐந்து நிறுவனங்களில் விண்ணப்பித்துப் பார்ப்பவர்கள், ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆறாவது அதிகாரியின் கண்ணுக்கு அது பணத்துக்காக அலைகிற ஒருவரின் தடயமாகத்தான் தெரியும். 2025 ஜனவரி முதல் கடன் விவரங்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகின்றன. "இந்த மாதத் தவணையை அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது" என்ற பழைய சமாதானம் இனி எடுபடாது.

மறைந்திருக்கும் செலவு முதல் நாளிலேயே தொடங்குகிறது. 2 சதவீதப் பரிசீலனைக் கட்டணமும் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 9,440 ரூபாய் பிடித்துக்கொண்டு, கையில் 3,90,560 ரூபாய்தான் வரும். தவணை மட்டும் நான்கு லட்சத்துக்கே கட்ட வேண்டும். அந்த ஒரு காரணத்தாலேயே 12 சதவீதம் என்று சொல்லப்பட்ட கடனின் உண்மையான ஆண்டு விகிதம் 13.7 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. கேட்காமலே சேர்க்கப்படும் காப்பீட்டுப் பிரீமியம் இருந்தால் இன்னும் ஏறும். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுப்பது கட்டாயம். அதில் இந்த ஆண்டு விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான், விளம்பரத்தில் உள்ளதை அல்ல. நிலையான வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதும் அதே தாளில் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், நிலையான மாதச் சம்பளமும் வேறு தவணைகள் இல்லாத கணக்கும் உள்ளவருக்கு, நகைக்கடனைவிட இதுவே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். காரணம், ஒவ்வொரு தவணையிலும் அசல் கரைகிறது. கடன் முடியும் தேதி என்ற ஒன்று இதில் உண்மையிலேயே இருக்கிறது. வேலை போனால் அழைப்புகளும் நோட்டீசும் வரும், மதிப்பெண் விழும், வழக்கும் வரலாம். ஆனால் அம்மாவின் சங்கிலி பீரோவிலேயே இருக்கும்.

நகைக்கடன்

சென்ற ஆண்டு என் சித்தியோடு ஒரு வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. நகை மதிப்பீட்டாளர் ஒரு சிறு மேசையில் கறுப்பு உரைகல்லோடு உட்கார்ந்திருந்தார். சங்கிலியின் கொக்கியைக் கல்லில் ஓர் இழை இழைத்து, அதன்மேல் அமிலத்தைச் சொட்டி, கோடு மங்குகிறதா என்று பார்த்தார். சங்கிலி தேறியது. அடுத்து எடுத்த கல் வைத்த அட்டிகையைத் தராசில் வைத்துவிட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் என்று எட்டு கிராமைக் கழித்து எழுதினார். சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. கடையில் வாங்கும்போது கல்லுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தோம் என்றார். "கடை வேற, பேங்க் வேற அம்மா" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

அந்த ஒரு வரியில் நகைக்கடனின் முதல் மறைசெலவு இருக்கிறது. செய்கூலி, சேதாரம், கல் ஆகிய எதற்கும் இங்கே மதிப்பில்லை. புதிய விதிகளின்படி மதிப்பு என்பது, தங்கத்தின் கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை இரண்டில் எது குறைவோ அது. மதிப்பிடும்போது வாடிக்கையாளர் உடனிருக்க வேண்டும். மொத்த எடை, கழிவு, நிகர எடை, தரம் எல்லாம் எழுதிய சான்று அவர் கைக்கு வர வேண்டும். அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

அந்த மதிப்பில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதற்கு மூன்று படிகள் உண்டு: இரண்டரை லட்சம் வரை 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80 சதவீதம், ஐந்து லட்சத்துக்கு மேல் 75 சதவீதம். பலருக்குத் தெரியாத நுணுக்கம் அடுத்து வருகிறது. வட்டியையும் அசலையும் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடனில், இந்த விகிதம் கையில் வாங்கும் தொகைக்கு அல்ல, முதிர்வு நாளில் கட்ட வேண்டிய முழுத் தொகைக்குக் கணக்கிடப்படுகிறது. நான்கு லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஓராண்டு முடிவில் கட்ட வேண்டியது 4,36,000 ரூபாய். அது மதிப்பில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமானால் 5,45,000 ரூபாய் மதிப்புள்ள தங்கம் வேண்டும். ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 54.5 கிராம், அதாவது ஏழு பவுனுக்குச் சற்றே குறைவு. வட்டியைச் சேர்க்காமல் கணக்கிட்டிருந்தால் 50 கிராமே போதும். மாதாமாதம் கட்டும் வகையில் நகைக்கடன் வாங்கினால் இந்தச் சுமை குறையும். ஆனால் கவுன்டரில் அந்த வகையைத் தாமாக எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

இரண்டாவது மறைசெலவு பெரியது, பழகியும் போனது. ஓராண்டு முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது நம் ஊர்களில் ஏறத்தாழ ஒரு சடங்கு. மேலே சொன்ன கடனை அப்படி மூன்று ஆண்டு ஓட்டினால் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய். அசல் நான்கு லட்சம் குறையாமல் நிற்கும். அதே மூன்று ஆண்டில் 12 சதவீதத் தனிநபர் கடன் 78,300 ரூபாய் வட்டியோடு தீர்ந்தே போயிருக்கும். நகைக்கடன் வாங்கியவருக்கு, வட்டிக்கான 3,000 ரூபாய் போக, மாதம் 10,286 ரூபாய் கையில் மிஞ்சியதே என்று வாதிடலாம், வாதம் சரிதான். அந்தப் பணத்தை மாதாமாதம் நல்ல வட்டிக்கு எடுத்துவைத்திருந்தால் அவரே வென்றவர். எடுத்துவைத்த குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. புதிய விதிகள் இந்தச் சடங்கைத் தடைசெய்யவில்லை; ஒரே தடவையாகக் கட்டும் நுகர்வுக் கடனின் காலத்தை 12 மாதமாக வரையறுத்து, சேர்ந்த வட்டியைக் கட்டிய பின்பே, அதுவும் கடன் ஒழுங்காக இருந்து தங்கத்தின் மதிப்பும் இடம் கொடுத்தால் மட்டுமே, புதுப்பிக்கலாம் என்கின்றன. விலை இறங்கியிருக்கும் ஆண்டில் அந்த இடம் இருக்காது. அப்போது அசலில் ஒரு பகுதியைப் புரட்டியாக வேண்டும்.

விலை இறங்குமா என்று கேட்பவர்கள் 2013 ஏப்ரலை நினைவுகூரலாம். இரண்டே வர்த்தக நாட்களில் சர்வதேசத் தங்க விலை பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2012 மார்ச்சில், தங்கத்தின் மீது கடன் கொடுக்கும் வங்கிசாரா நிறுவனங்களுக்கு 60 சதவீத வரம்பை ரிசர்வ் வங்கி விதித்திருந்தது. 2014 ஜனவரியில்தான் அது 75 ஆனது. இப்போதைய 85 சதவீதம் சிறு கடனாளிக்குக் கிடைத்த சலுகை என்பது உண்மை. விலை சரிந்தால் முதலில் ஏலத்துக்குப் போவதும் அந்த 85 சதவீதத்தில் வைத்த நகைதான் என்பதும் உண்மை.

ஏலம் பற்றிய விதிகள் இப்போது தெளிவாக உள்ளன. நாளிதழ்களில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், அறிவிப்பு வர வேண்டும். தமிழ் நாளிதழ்களில் பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் கணக்கு எண்கள் அடுக்கப்பட்ட அந்த அறிவிப்புகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. குறைந்தபட்ச விலை நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85 வரை இறங்கலாம். கடன் போக மிஞ்சிய தொகை ஏழு வேலை நாளுக்குள் கடனாளிக்கு வர வேண்டும். கடனை அடைத்த பின் நகையைத் திருப்பிக் கொடுக்க ஏழு வேலை நாளுக்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

மூன்றாவது மறைசெலவைப் பெரும்பாலோர் மீட்கப் போகும் நாளில்தான் அறிகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 171ஆம் பிரிவு வங்கிகளுக்குப் பொதுப் பற்றுரிமை, அதாவது கையில் உள்ள பொருளை நிலுவைக்காகப் பிடித்துவைக்கும் உரிமை, தருகிறது. அதே வங்கியில் உங்கள் பெயரில் வேறொரு கடன் நிலுவையில் தவறியிருந்தால், நகைக்கடனை முழுதாக அடைத்த பின்னும் அதைக் காட்டி நகையை நிறுத்தி வைக்க முயலக்கூடும். தவணை தவறிய கடன் இருக்கும் வங்கியில் நகையை வைக்காமல் இருப்பதே விவேகம்.

இவை எல்லாம் இருந்தும் நகைக்கடனே சிறந்த வழியாக அமையும் சூழல்கள் தெளிவாக உண்டு. வருமானம் பருவத்துக்குப் பருவம் வருகிறவர்கள், கையில் சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், ஓராண்டுக்குள் வரப்போகும் தொகை தேதியோடு தெரிந்தவர்கள் ஆகியோருக்கு இதைவிட மலிவாகவும் மரியாதையாகவும் பணம் கிடைப்பது அரிது. இரண்டரை லட்சம் வரை விரிவான கடன்தகுதி ஆய்வும் தேவையில்லை. கூட்டுறவுச் சங்கங்களில் 40 கிராம் வரையிலான நகைக்கடன்கள் 2021இல் தள்ளுபடி ஆனதை நினைத்து, அடுத்த அறிவிப்பு வரும் வரை மீட்காமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வட்டி அந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை.

வைப்பின் மீதான கடன்

வைப்பு வைத்திருப்பவருக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண் பார்க்க மாட்டார்கள், பரிசீலனைக் கட்டணம் அநேகமாக இருக்காது, வைப்பு வட்டிக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாகக் கட்டினால் போதும். உண்மையான கேள்வி, கடன் வாங்குவதா வைப்பையே உடைப்பதா என்பதுதான்.

5 லட்சம் ரூபாயை 7 சதவீதத்தில் மூன்றாண்டுக்கு வைத்திருக்கிறீர்கள், இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது, ஆறு மாதம் பாக்கி என்று கொள்வோம். உடைத்தால் ஒரு சதவீத அபராதம் கழிந்த இரண்டரை ஆண்டுக்கும் விழுந்து 12,500 ரூபாயை ஒட்டிப் போய்விடும். நான்கு லட்சம் கடன் வாங்கினால் ஆறு மாதத்துக்கு வட்டி வித்தியாசம் 2,000 ரூபாய்தான். இதையே தலைகீழாக்கி, வைப்பு போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது, பணம் இன்னும் இரண்டரை ஆண்டுக்குத் தேவை என்றால், உடைக்கும் அபராதம் 2,500 ரூபாய், கடனின் வட்டி வித்தியாசம் 10,000 ரூபாய். அங்கே உடைப்பதே லாபம். மறைந்திருப்பது வருமான வரி: வைப்பு வட்டிக்கு வரி தொடர்ந்து ஓடும், குடும்பச் செலவுக்கு வாங்கிய கடனின் வட்டிக்கு விலக்கு கிடைக்காது. 20 சதவீத வரம்பில் உள்ளவருக்கு, ஒரு சதவீதமாகத் தெரிந்த வித்தியாசம் உண்மையில் 2.4 சதவீதம். மனத்தளவில், "வைப்பு அப்படியே இருக்கிறது" என்ற நிறைவுக்காகப் பலர் இந்தச் செலவை ஏற்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, விலை தெரிந்து ஏற்றால் சரி.

வீட்டுக்கடன் டாப்-அப்

தவணை தவறாமல் சில ஆண்டு கட்டிய வீட்டுக்கடனாளிக்கு வங்கியே அழைத்துக் கொடுக்கும் கடன் இது. பத்திரம் ஏற்கெனவே வங்கியிடம் இருப்பதால் அபாயம் மிகக் குறைவு, வட்டியும் அதற்கேற்பக் குறைவு. கேள்வி கேட்காமல் தரப்படும் இந்தப் பணம் எங்கே செலவாகிறது என்பதைக் கவனியுங்கள் என்று 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு நினைவூட்டியதும் அதனால்தான்.

அட்டவணையில் உள்ள 3,939 ரூபாய் மாதத் தவணை யாரையும் மயக்கும். அதே வரிசையின் அடியில் உள்ள 3,09,000 ரூபாய் மொத்த வட்டியைப் பார்ப்பவர் குறைவு. முழங்கால் சிகிச்சைக்குப் பதினைந்து ஆண்டு தவணை கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மிதக்கும் வட்டியில், அதாவது அவ்வப்போது மாறும் வட்டியில், தனிநபருக்குத் தரப்படும், தொழிலுக்கல்லாத இத்தகைய கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் வாங்க முடியாது. ஆகவே இதை வாங்கி மூன்று நான்கு ஆண்டில் அடைத்துவிடும் கட்டுப்பாடு உள்ளவருக்கு நான்கு வழிகளிலும் மலிவானவற்றில் இது ஒன்று. அந்தக் கட்டுப்பாடு இல்லாதவருக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, மிக விலையுயர்ந்தது. கூடுதல் தொகைக்கு அடமானப் பதிவுச் செலவு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தவறினால், 90 நாள் கடந்து கணக்கு வாராக்கடன் ஆனதும் ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். நான்கு லட்சத்துக்காகத் தொடங்கிய விவகாரம் வீட்டுக் கதவில் வந்து நிற்கும்.

இரண்டைக் கலப்பது

ஒரே இடத்தில் முழுத் தொகையையும் வாங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சித்தி வீட்டில் கடைசியில் நடந்தது அதுதான். சித்தப்பாவுக்கு மாதச் சம்பளம் உண்டு, ஆனால் 13,286 ரூபாய்த் தவணையை அது தாங்காது. சித்தியின் தையல் கடைக்குத் தீபாவளியையும் பொங்கலையும் ஒட்டித்தான் கை நிறையப் பணம் வரும். அதனால் இரண்டரை லட்சத்தை நகையிலும் மீதி ஒன்றரை லட்சத்தைச் சம்பளத்தின் மீதும் வாங்கினார்கள்.

இன்றைய விதிகளில், மேலே கொண்ட அதே விலைக்கு, அந்தப் பிரிப்பைப் போட்டுப் பார்த்தேன். இரண்டரை லட்சம் 85 சதவீதப் படியில் விழுகிறது. ஓராண்டு வட்டியோடு 2,72,500 ரூபாய்க்கு 32 கிராமுக்குச் சற்றே மேல், ஏறத்தாழ நான்கு பவுன் போதும். முழுத் தொகைக்கும் கேட்கும் ஏழு பவுனில் மூன்று வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஒன்றரை லட்சத்துக்கு மூன்றாண்டுத் தவணை மாதம் 4,982 ரூபாய். அட்டிகை கவுன்டரிலிருந்து பைக்குள் திரும்பியது. சங்கிலியும் இரண்டு வளையலும் உறையில் போய், சித்தியின் கையெழுத்தோடு அரக்கு முத்திரை வாங்கின.